ஊரார் அறியாமல் ஊர்நிலம் வகுப்பதா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் வழியே பேராறு எதுவும் ஓடவில்லை. வெள்ளாறும் அக்கினியாறும் பாம்பாறும் மழை பெய்தால் ஓடும். மழை நின்றால் மணலாய்க் கிடக்கும். காவிரிநீர் கல்லணைக் கால்வாய் வழியாகக் கீழைப்பகுதியில் ஒரு கூற்றை மட்டுமே எட்டுகிறது. எஞ்சியதெல்லாம் வானம் பார்த்த நிலம். அந்நிலத்தை மாந்தர் வாழத்தக்க நிலமாக்கியவை 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் குளங்களுமே. அவை தாமே தோன்றியவை அல்ல. தமிழர் தம் கைகளால் வெட்டியவை. இத்தகைய நிலத்தில் எது வயல், எது மனை, எது ஆலை, எது காடு என்று வகுக்கும் உரிமை இன்று யாரிடம் இருக்கின்றது?

கண்மாய் என்பது நீர் தேங்கும் பள்ளம் மட்டும் அன்று. மழைநீர் வழிந்துவரும் மேட்டுநிலம், அதனைக் கொண்டுவரும் வரத்துவாய்க்கால், கரை, மடை, மிகைநீர் வெளியேறும் கலிங்கு, அந்நீரை அடுத்த கண்மாய்க்குக் கொண்டுசேர்க்கும் மறுகால், மடைக்குக் கீழே வயல், வயலையடுத்துக் களம், களத்தையடுத்து மந்தை, அதற்கப்பால் மேய்ச்சல் நிலம் - இவையனைத்தும் சேர்ந்த ஒரே உடம்பு அது. ஓரிடத்தில் வெட்டினால் ஊர் முழுதும் காயும். மேலூரில் வரத்து அடைபட்டால் கீழூர்க் கண்மாயும் வறளும். இம் மாவட்டக் கல்வெட்டுகளைப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும். குமிழி அமைத்ததையும், ஏரி திருத்தியதையும், நிலம் விற்றதையும் எல்லை குறித்ததையும் ஊராரும் நாட்டாரும் நகரத்தாரும் கூடி முடிவுசெய்து, தம் மொழியில் கல்லில் பொறித்து வைத்தனர். எல்லைக்கல் எங்கே நின்றது, நீர் எவ்வழிச் சென்றது என்பதை ஊரில் எவரும் அறிந்திருந்தனர்.

நகரமைப்பும் நீரை விட்டு விலகியதில்லை. 1878 முதல் 1894 வரை புதுக்கோட்டைத் தனியரசின் ஆட்சிப்பொறுப்பில் இருந்த சேசையா சாத்திரி நகரைச் சீரமைத்தபோது, நேர்நேரான தெருக்களை வகுத்ததோடு நில்லாது குளங்களையும் தூர்வாரிக் கட்டினார். அவ்வாட்சி தமிழுக்குச் செய்தது என்ன என்பது வேறு வினா. குளத்தை நிரவி மனை போடுவதே வளர்ச்சி என்னும் அறிவு அன்று இன்னும் பிறக்கவில்லை என்பது மட்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

கேடு ஒரு சொல்லில் தொடங்கியது. அச்சொல் 'தரிசு'. ஆடுமேய்ப்பவர் மேய்ச்சல் நிலம் என்றதை, உழவர் கண்மாயின் வரத்துநிலம் என்றதை, அலுவலகக் கணக்கு 'பயனற்ற தரிசு' என்று எழுதிக்கொண்டது. பயனற்றது என்று எழுதியபின் அதனை எதற்கும் கொடுக்கலாம் அன்றோ? புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 சனவரி 14-இல். அதே 1974-இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் உருவாயிற்று. காகித ஆலைகளின் கூழ்மரத்திற்கென மாவட்டத்தின் மேட்டுநிலங்களில் தைலமரங்கள் பரப்பப்பட்டன. அத்தோட்டங்களில் மழைநீரை வெளியே விடாது தேக்கும் வரப்புகளும் குழிகளும் கண்மாய்களின் வரத்தை மறித்துவிட்டன என்று உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். மரம் நட்டவர் மரத்தைப் பார்த்தனர். அம்மேட்டில் விழும் மழைத்துளி எந்த ஊர் வயலுக்கு உரியது என்று கேட்டாரில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவர்கட்குச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

2017 பிப்பிரவரியில் நடுவணரசு 31 இடங்களில் எண்ணெய் வளி எடுக்க ஒப்புதல் தந்தது. அவற்றுள் ஒன்று ஆலங்குடியை அடுத்த நெடுவாசல். வாழையும் தென்னையும் பலாவும் பூவும் விளையும் செம்மண் நிலத்தை நீரகக்கரிம (ஐட்ரோகார்பன்) வயலாக வரைந்தவர்கள் தில்லியில் இருந்தனர். தம் ஊர் அவ்வாறு வரையப்பட்டதை நெடுவாசல் மக்கள் செய்தித்தாள் பார்த்தே அறிந்தனர். நெடுவாசலிலும் வடகாட்டிலும் நல்லாண்டார்கொல்லையிலும் மக்கள் பல திங்கள் போராடினர். அப்போராட்டம் வீண்போகவில்லை. 2020 பிப்பிரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதனுள் சேர்க்கப்பட்டன.

இதனை வரவேற்க வேண்டும். ஆனால் இதனோடு அமைந்துவிடுதல் ஆகாது. மாவட்டத்தின் ஒன்றியங்கள் 13. அன்னவாசலும் குன்றாண்டார்கோவிலும் கந்தர்வகோட்டையும் திருமயமும் பொன்னமராவதியும் உள்ளிட்ட எட்டு ஒன்றியங்கள் வெளியே நிற்கின்றன. காவிரி பாயாத நிலத்தில் விளையும் நெல் நெல்லில்லையா? மேலும், எண்ணெய் வளி எடுத்தல், உருக்காலைகள், தோல் ஆலைகள் முதலியவற்றையே அச்சட்டம் தடுக்கின்றது. கல்லுடைப்புக் குழியும் மனைப்பிரிவும் அத்தடைப்பட்டியலில் இல்லை. அதற்கான ஆணையத்திற்கு முதலமைச்சர் தலைவர். ஊராட்சித் தலைவர்க்கு உரிய பங்கு புலப்படவில்லை. பழஞ்சேரநாடாகிய கேரளத்தைப் பார்க்க. 2008-இல் அங்கு இயற்றப்பட்ட நெல்வயல் நீர்நிலக் காப்புச் சட்டத்தின்படி ஊர்தோறும் உள்ள கண்காணிப்புக் குழுவிற்கு ஊராட்சித் தலைவரே தலைவர். உழவர்களும் அதில் உறுப்பினர். வயல்களின் பட்டியலும் ஊர்தோறும் எடுக்கப்பட வேண்டும்.

மொழியின் வஞ்சகம் ஒருபுறம். 2020 சனவரி 16-இல் எண்ணெய் வளித் தேட்டத்திற்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டுவதில்லை என்று நடுவணரசு அறிவித்தது. அவ்வாண்டே வெளிவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாயிற்று. அதனைப் பிற மொழிகளிலும் பெயர்க்குமாறு 2020 சூன் 30-இல் தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. தன் வயலின் ஊழைத் தன் மொழியில் படிக்கவும் தமிழன் வழக்குமன்றப் படியேற வேண்டும் போலும்! தில்லியை மட்டும் பழித்துப் பயனில்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வரையப்படும் திட்டங்களுக்கு மக்கள் எதிர்ப்புரை கூறலாம் என்று இருக்கின்றது. ஆங்கிலக் கலைச்சொல்லும் வண்ணக்கட்டமும் நிறைந்த படத்தில் தன் கண்மாயைத் தேடிக் கண்டுபிடித்து, பின்னர் எதிர்ப்புரை எழுத வல்ல உழவர் எத்துணைப் பேர்? 'வரத்துவாய்க்கால்' என்று தமிழில் எழுதியிருந்தால் அது அடைபட்டுள்ளதென்று எழுத்தறியாத கிழவரும் கேட்டுச் சொல்வார்.

இனி நகரங்கள். 2024-இல் புதுக்கோட்டை மாநகராட்சியாக உயர்த்தப்பட்டுச் சுற்றியுள்ள ஊராட்சிகள் அதனோடு இணைக்கப்பட்டன. வரி கூடும், ஊரக வேலை போகும் என்று அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். கீரனூரும் ஆலங்குடியும் கீரமங்கலமும் நாளை இவ்வாறே விரியும். கீரமங்கலத்தின் பூச்சந்தை சுற்றூர்களின் பூந்தோட்டங்களால் நடக்கின்றது. தோட்டம் மனையானால் சந்தைக்கு வேலையில்லை. ஆகவே ஊர்க்கு ஒரு திட்டம், நகர்க்கு ஒரு திட்டம் என்று பிரித்தல் பிழை. இந்திய அரசியலமைப்பின் 243 இசட்டி பிரிவே இதனை ஏற்கின்றது: ஊராட்சிகளும் நகராட்சிகளும் நிலத்தையும் நீரையும் பங்கிடுவதை மாவட்டத் திட்டக்குழு ஒருங்கே வகுத்தல் வேண்டும், அக்குழுவினருள் ஐந்தில் நான்கு பங்கினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தவராதல் வேண்டும். புதிதாய்ச் சட்டம் செய்ய வேண்டுவதில்லை. இருப்பதை உயிர்ப்பித்தால் போதும்.

2018 நவம்பர் 16-இல் வீசிய கசாப் புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதன்பின் கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் அரசுக்குக் காத்திராமல் தம் ஏரி குளங்களையும் வாய்க்கால்களையும் தாமே தூர்வாரத் தொடங்கினர். தம் ஊரின் நீர்வழியை வரைய அவர்கட்கு வெளியூர் வல்லுநர் வேண்டியதில்லை. 2022 முதல் மார்ச்சு 22-ஆம் நாளும் தமிழ்நாட்டில் ஊரவை கூடும் நாளாயிற்று; அது தண்ணீர் நாள். புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒவ்வொன்றும் அடுத்துவரும் அந்நாளில் தன் கண்மாய்கள், வரத்துகள், மறுகால்கள், மந்தை, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் பட்டியலை நிலவரை எண்ணோடு தமிழில் எழுதி, ஊரவையில் படித்து, தீர்மானமாக்கி மாவட்டத் திட்டக்குழுவிற்கு விடுக்க வேண்டும். அப்பட்டியலில் உள்ள நிலத்தின் பயனை மாற்ற எவர் வந்தாலும் அவ்வூரவையின் ஒப்புதலை முதலில் பெறுதல் வேண்டும் என்பதையும் அத்தீர்மானத்திலேயே எழுதுக.