மிஸ் மேயோவும் நமது கோபமும்

ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் குப்பை குவிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மருமகள் நெடுநாளாக அதைச் சொல்லி முறையிட்டு வருகிறாள். பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் அயலார் ஒருவர் மதில்மேல் ஏறி எட்டிப் பார்க்கிறார். பிறகு நடுத்தெருவில் நின்றுகொண்டு, "இந்த வீட்டில் குப்பையைத் தவிர வேறு ஒன்றுமே கிடையாது! இவர்களுக்குக் குடித்தனம் நடத்தும் யோக்கியதையே இல்லை. பெட்டிச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே இருப்பதுதான் க்ஷேமம்!" என்று கூவுகிறார்.

வீட்டாருக்குக் கோபம் வருமா, வராதா? நன்றாய் வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தக் கோபம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைப் பொறுத்தே அந்த வீட்டின் பிற்காலம் இருக்கிறது.

1927-ஆம் வருஷத்தில் நமது தேசத்துக்கே இந்த அநுபவம் ஏற்பட்டது. அவ்வருஷத்தில்தான் மிஸ் காதரைன் மேயோ என்ற அமெரிக்க மாது எழுதிய 'மதர் இந்தியா' என்னும் புத்தகம் வெளிவந்தது. இந்தப் பெயரைக் கேட்டதும் 1957-இல் மெஹ்பூப் கான் எடுத்த சினிமா நேயர்களுக்கு ஞாபகம் வரலாம். அது வேறு, இது வேறு. சினிமாவில் வரும் தாய் தலை நிமிர்ந்து நிற்கிறாள். மிஸ் மேயோவின் புத்தகமோ அவளைச் சந்தியில் நிறுத்தி வைத்தது.

அம்மையார் இந்தத் தொழிலுக்குப் புதியவர் அல்லர். 1925-இல் பிலிப்பைன் தீவுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அத்தீவினர் அமெரிக்க ஆட்சியிலிருந்து விடுதலை பெறத் தகுந்தவர்கள் அல்லர் என்று முடிவு கட்டியவர். பிறகு 1925-26 குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து சில மாதம் சுற்றினார். சபர்மதியில் காந்திஜியையும் பேட்டி கண்டார். குழந்தை மணம், பிரசவ அறையின் பயங்கரம், தீண்டாமை, ஆடுமாடுகளின் கதி ஆகிய எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இந்தியாவின் துன்பங்களுக்கெல்லாம் வேர் இந்தியர்களின் இல்லற வழக்கமே என்றும், அன்னிய ஆட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையென்றும் தீர்ப்பெழுதினார். அதாவது, பெட்டிச் சாவி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பது. அவருடைய காகிதங்கள் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் அவருக்கு மறைவாக உதவி புரிந்ததைப் பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அவர் வாதம் செய்த முறையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்த முறை அவரோடு போய்விடவில்லை.

மகாகவி தாகூர் இந்தியரின் விவாக லட்சியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதில், இளம் வயது விவாகத்தை ஆதரிக்கும் பழமைப் பற்றாளர்கள் என்ன காரணம் சொல்வார்கள் என்பதையும் விளக்கியிருந்தார். மிஸ் மேயோ அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்து, அதுவே தாகூரின் சொந்த அபிப்பிராயம் என்று உலகத்துக்குக் காட்டினார். ஜாவா, பாலித் தீவுகளில் பிரயாணம் செய்துகொண்டிருந்த கவி, அங்கிருந்தபடியே ஆங்கிலப் பத்திரிகைக்கு மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சியின் வாதத்தை எடுத்துச் சொன்னவனே எதிர்க்கட்சிக்காரன் என்றால், உலகத்தில் எந்த வக்கீலும் தப்ப முடியாது!

இரண்டாவது, மனத்தை நடுங்கச் செய்யும் ஒரு ஜாபிதா. குழந்தை மனைவிகளுக்கு நேர்ந்த கொடிய காயங்களைப் பற்றியது. அது பொய்யல்ல. ஆனால் அது 1891-இல் பெண் டாக்டர்கள் வைசிராயிடம் சமர்ப்பித்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தியது. 1922-இல் அந்த ஜாபிதாவை மறுபடியும் சட்டசபைக்குக் கொண்டுவந்தது எதற்காக? சட்டம் திருத்த வேண்டும் என்று வாதாடுவதற்காக! இந்தியச் சீர்திருத்தக்காரர்கள் வயிறெரிந்து சொன்ன முறையீட்டையே ஆதாரமாக வைத்து, இந்தியாவில் யாருக்கும் இரக்கமில்லை என்று அம்மையார் ருசுப்படுத்தப் பார்த்தார். மருமகளின் புலம்பலைக் கேட்டுக் கொல்லைப்புறத்தை அறிந்துகொண்டு, அந்த வீட்டில் சொரணையுள்ளவர் ஒருவருமில்லை என்று பறைசாற்றிய கதைதான்.

மூன்றாவதாக, இந்தியப் பெண்கள் எட்டு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் இடையிலேயே தாயாகிவிடுவது சாதாரண வழக்கம் என்று எழுதினார். இதற்குச் சரியான பதில் கொடுத்தவர் ஒரு ஸ்காட்லாந்து வைத்தியர். டாக்டர் மார்கரெட் பால்பர் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். 1927-இல் அவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வசை ஒன்றுமில்லை, கணக்குத்தான் இருந்தது. பம்பாய் ஆஸ்பத்திரிகளில் முதற் பிரசவம் ஆன 304 ஹிந்துப் பெண்களின் சராசரி வயது 18.7. சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் 1922 முதல் 1924 வரை முதற் பிரசவம் ஆனவர்கள் 2,312 பேர். சராசரி வயது 19.4. நூற்றுக்கு 86 பேருக்கு மேல் பதினேழு வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் நமக்கு எவ்வளவு சந்தோஷம்! "பார்த்தீர்களா? பத்தொன்பது வயது!" என்று மேடைகளில் முழங்கலாம் அல்லவா? ஆனால் டாக்டர் பால்பர் நேர்மையுள்ளவர். சராசரியோடு நிறுத்திவிடவில்லை. சென்னையில் பிரசவித்த அந்த 2,312 பேரில் பதின்மூன்று வயதுத் தாய்மார் 7 பேர், பதினாலு வயதுத் தாய்மார் 22 பேர் என்பதையும் அதே கடிதத்தில் எழுதினார்.

இந்த ஏழு என்ற எண்ணைப் பற்றித்தான் நான் இந்த வாரம் பேச விரும்புகிறேன்.

மிஸ் மேயோ அந்த ஏழு பேரைத் தேசம் முழுவதுமாக்கினார். அது அநியாயம். அவருக்குப் பதில் சொல்லப் புறப்பட்ட நம்மவரில் பலர், அந்த ஏழு பேரைச் சராசரிக்குள் போட்டு மறைத்தார்கள். அதுவும் அநியாயமே. முன்னது அயலாரின் அநியாயம். பின்னது சொந்த வீட்டின் அநியாயம். எது அதிகம் வலிக்கும் என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அக்காலத்தில் எழுந்த கண்டனங்களில் எத்தனை தினுசு! புத்தகத்தைக் கொளுத்தினார்கள். அம்மையாருக்கு விவாகம் ஆகவில்லை என்பதைக்கூடப் பரிகாசம் செய்தார்கள். அது புத்தகத்துக்கு எப்படிப் பதிலாகுமோ தெரியவில்லை. கே. எல். கௌபா என்பவர் 1929-இல் 'அங்கிள் ஷாம்' என்று ஒரு புத்தகம் எழுதி, அமெரிக்காவின் கொல்லைப்புறத்தைத் திறந்து காட்டினார். படிக்கப் பரம திருப்தியாயிருந்திருக்கும். ஆனால் அடுத்த வீட்டுக் குப்பையை எண்ணிக் காட்டுவதால் நம் வீட்டுக் குப்பை ஒரு கூடையாவது குறையுமா?

நல்ல பதில்களும் இல்லாமற் போகவில்லை. 'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' ஆசிரியர் கே. நடராஜன், தமிழர், வாழ்நாளெல்லாம் அந்தத் தீமைகளை எதிர்த்துப் போராடியவர். அவர் மேயோவின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். துடைப்பம் பிடித்த கைக்கே சுட்டிக் காட்டவும் அதிகாரம் உண்டு. லாலா லஜபதி ராய் 1928-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கோவை அ. அய்யாமுத்து 1929-இல் தமிழில் ஒரு புத்தகம் எழுதி, அதற்கு 'மேயோ கூற்று மெய்யா பொய்யா?' என்று பெயர் வைத்தார். எந்தக் குற்றச்சாட்டைப் பற்றியும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். "சொன்னவர் யார்?" என்பது இரண்டாவது கேள்வி.

எல்லாருக்கும் மேலாக நின்றது காந்திஜியின் பதில். 1927 செப்டம்பர் மாதம் அவர் தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அப்போது 'யங் இந்தியா'வில் எழுதிய கட்டுரைக்குச் 'சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை' என்று தலைப்புக் கொடுத்தார். சாக்கடைகளை மட்டும் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதுவே தேசம் என்று சொன்னால் அது உண்மையாகாது என்று கண்டித்தார். அத்துடன் விட்டிருந்தால் கைதட்டலோடு போயிருக்கும். மேலும் ஒரு விஷயம் சொன்னார். இந்தப் புத்தகத்தை இந்தியர் ஒவ்வொருவரும் படித்துப் பயனடையலாம். குற்றச்சாட்டு அமைந்த விதத்தை நாம் மறுக்கலாம். அதற்குள் கிடக்கும் உண்மையை மறுக்கலாகாது என்பது அதன் கருத்து. அமெரிக்கர் படிக்க வேண்டிய புத்தகமல்ல, இந்தியர் படிக்க வேண்டிய புத்தகம் என்று ஒரே மூச்சில் இரு தரப்பாருக்கும் உரியதைச் சொல்லிவிட்டார்.

இவ்வளவு ஆத்திரத்துக்கும் நடுவே மருமகளின் கதி என்னவாயிற்று? மேயோவின் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1927 பிப்ரவரியில், ஹரிபிலாஸ் சாரதா குழந்தை மணத் தடை மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். "இப்போது இதைப் பேசினால் மேயோவின் கட்சிக்குப் பலம் கொடுத்ததாகும்" என்று வாயடைத்திருக்கலாம். பெண்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அகில இந்திய மாதர் மகாநாட்டைச் சேர்ந்தவர்கள் மசோதாவை நிறைவேற்றும்படி அங்கத்தினர்களிடம் வாதாடினார்கள். சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதே போரைத் தேவதாசி வழக்கம்வரை கொண்டுசென்றார். 1929-இல் மசோதா நிறைவேறியது; 1930 ஏப்ரல் 1-இல் அமுலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று விவாக வயது நிர்ணயமாயிற்று. சட்டம் பல வருஷம் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது மெய்தான். ஆயினும் மேயோவுக்குக் கொடுத்த பதில்களில் இதைவிட மேலானதொன்று இல்லை.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2006-ஆம் வருஷச் சட்டத்தின்படி இப்போது பெண்ணின் விவாக வயது 18. ஆனால் 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 23.3 பேர் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்கள். இது நாமே எடுத்த கணக்கு, மதிலேறியவர் யாருமில்லை. இந்த எண்ணை ஒருவர் மேடையில் சொன்னால் என்ன நடக்கிறது? ஒரு கட்சியார், "இந்த ஜாதியே இப்படி, இந்த மதமே இப்படி!" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "நம்மை அவமானப்படுத்தச் சதி!" என்கிறார்கள். இரண்டு கோஷங்களுக்கும் நடுவில் அந்தப் பெண் இருக்கிறாள் என்பது இருவருக்குமே மறந்துபோகிறது.

கோபம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. பொய்யைக் கண்டு கோபப்படாதவன் மெய்யைக் கண்டும் அசையமாட்டான். குற்றம் சாட்டுகிறவரை நன்றாகக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். எந்த வருஷத்துக் கணக்கு, எத்தனை பேரில் எத்தனை பேர், யார் சொன்னதை யார் தலையில் கட்டினார் என்று துருவிக் கேளுங்கள். அவருடைய அநியாயத்தையெல்லாம் கழித்துவிடுங்கள். பிறகு மிச்சம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். அந்த மிச்சம் நம்முடையது.

1927-இல் சென்னையில் மிச்சம் நின்றது ஏழு. அந்த ஏழு சிறுமிகளும் மிஸ் மேயோவின் புத்தகத்தைப் படித்திருக்கமாட்டார்கள். நமது கண்டனக் கூட்டத் தீர்மானங்களையும் படித்திருக்கமாட்டார்கள். பதின்மூன்று வயதில் கையில் ஒரு குழந்தையுடன் ஆஸ்பத்திரி வாசற்படியில் இறங்கி, பத்தொன்பது வயதுச் சராசரி உள்ள ஒரு பட்டணத்துக்குள் நடந்து போனார்கள்.