கோயிலுக்குச் சொந்தமான பேஸ்பால் மைதானம்

கோயிலுக்கு நிலம் இருக்கும், கடைகள் இருக்கும். டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கோ ஒரு பேஸ்பால் மைதானமே சொந்தம். 1926-ல் திறக்கப்பட்ட ஜிங்கு மைதானம் அது. அருகிலேயே ஓட்டலோடு கூடிய புதிய மைதானம் கட்டிவிட்டு இதை இடிக்கும் திட்டத்துக்கு டோக்கியோ அரசு 2023-ல் அனுமதி கொடுத்துவிட்டது.

1934-ல் அமெரிக்க நட்சத்திர அணியோடு வந்த பேப் ரூத் இங்கே ஆடினார். நியூயார்க்கில் அவர் புகழைச் சுமந்து நின்ற பழைய யாங்கி ஸ்டேடியம் 2010-ல் தரைமட்டமாகிவிட்டது. ஜிங்கு இன்னும் நிற்கிறது.

இங்கே மூத்த பிள்ளை பல்கலைக்கழக லீக்தான். யாகுல்ட் ஸ்வாலோஸ் என்ற தொழில்முறை அணி பின்னால் வந்தது. 1978-ல் ஸ்வாலோஸ் முதன்முறையாக ஜப்பான் தொடர் என்ற இறுதிப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றபோது, மாணவர்களின் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்ததால் சொந்த மைதானம் கிடைக்கவில்லை. கோராகுவென் மைதானத்தைத் தன் களமாக்கிக்கொண்டு ஆடி, கோப்பையையும் வென்றது.

அதே ஆண்டின் தொடக்க ஆட்டத்தில் ஸ்வாலோஸ் வீரர் டேவ் ஹில்டன் அடித்த பந்து இடப்பக்கம் பறந்தது. புல்மேட்டில் பீரோடு உட்கார்ந்திருந்த ஜாஸ் விடுதிக்காரர் ஒருவருக்கு, நாமும் நாவல் எழுதலாமே என்று அந்தக் கணத்தில் தோன்றியதாம். அவர் ஹருகி முரகாமி.

இன்றைக்குப் போகிறவர்களுக்கும் சுவைக்குக் குறைவில்லை. கூரையில்லாத கேலரி. முதுகில் பீர்ப் பீப்பாயைச் சுமந்தபடி படியேறி இறங்கும் பெண்கள். ஸ்வாலோஸ் ஒரு ரன் எடுத்தால் போதும், ஆயிரக்கணக்கான குட்டிக் குடைகள் விரிந்து 'டோக்கியோ ஓண்டோ' பாட்டுக்கு ஆடும்.

கட்டடம் பழசாகிவிட்டது, பாதுகாப்பு முக்கியம் என்பது திட்டக்காரர்களின் வாதம். திட்டத்துக்காக அப்பகுதி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, 2023-ல் மரணப்படுக்கையிலிருந்தபடி டோக்கியோ ஆளுநருக்குக் கடிதம் எழுதினார் இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ. முரகாமியும் எதிர்த்தார். ஆனாலும் 2024 அக்டோபரில் மரம் வெட்டும் பணி தொடங்கிவிட்டது.

வயதுதான் குற்றமென்றால், ஜிங்குவைவிட 2 ஆண்டு மூத்த கோஷியென் மைதானத்தை என்ன செய்வது? ஆட்டமில்லாத மாதங்களில் கட்டம் கட்டமாகப் புதுப்பித்து, இன்றும் அங்கே ஆடுகிறார்கள். பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912-ல் திறந்தது; அதுவும் இடிபடவில்லை. ஜிங்கு விஷயத்தில் வயதைவிட நிலத்தின் விலையே பெரிதாகப் பேசுகிறது.

புதிய மைதானம் எழுந்த பிறகே பழையதை இடிப்பது என்பது திட்டம். அதனால் இன்னும் சில சீசன்கள் மிச்சமிருக்கின்றன. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் டோக்கியோ போகிறவர்கள் ஒரு மாலையை ஜிங்குவுக்கு ஒதுக்குங்கள். ஸ்வாலோஸ் ரசிகர்கள் பக்கம் டிக்கெட் எடுங்கள். குட்டிக் குடையையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.