வால்வைக் குறை கூறுமுன்

கிதார் வாசிப்பவருடைய வால்வு ஆம்ப்ளிபயர் திடீரென்று கரகரக்கவோ, ஓயாமல் முனகவோ, அடியோடு வாயடைத்துப் போகவோ நேர்ந்தால், அவர் மனம் முதலில் நாடுவது புதிய வால்வுகளைத்தான். வால்வுகள் நாளடைவில் தளர்ந்துபோகும் இயல்புடையவை என்பது மெய்யே. ஆயினும் அவை முதலில் சந்தேகத்துக்கு இலக்காவதற்குக் காரணம், கையாலேயே கழற்றி மாற்றிவிடலாம் என்கிற சௌகரியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது, சாக்கெட்டில் படிந்திருந்த களிம்பு உராய்ந்து அகன்று, அதனாலேயே கரகரப்பு நின்றுவிடுவதும் உண்டு; அப்போது நல்ல வால்வு குப்பைக்குப் போக, மெய்யான காரணம் யாருக்கும் தெரியாமல் மறைந்துவிடுகிறது. ஆகையால், வால்வு ஆறிய பிறகு அதையே கழற்றி, அதே இடத்தில் மறுபடியும் செருகிப் பார்ப்பதையே முதல் பரீட்சையாகக் கொள்ள வேண்டும் என்பேன்.

இந்தச் சாதனத்தின் பூர்வீகம் ரேடியோப் பட்டறை. கலிபோர்னியாவில் புல்லர்டன் என்னும் ஊரில் 1938-ல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்த லியோ பெண்டர்தான் பின்னாளில் பாஸ்மேன் ஆம்ப்ளிபயரை உலகுக்கு அளித்தவர். 1962-ல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப்ளிபயரும் அந்தப் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பின்பற்றியதே. எனவே, ஒலி செல்லும் வழியைப் படிப்படியாகப் பிரித்து, குறை எந்தக் கட்டத்தில் புகுகிறது என்று நிர்ணயித்த பின்பே சால்டரிங் அயர்னைத் தொடுகிற ரேடியோ மெக்கானிக்கின் நிதானம் இதற்கும் பொருந்துகிறது.

வால்யூம் குமிழை அடியோடு குறைத்தும் முனகல் தணியவில்லையென்றால், குறை அந்தக் குமிழுக்குப் பிந்திய பகுதியில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சிறிய வால்வுகளை முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றியபோது ஓசை அடங்குகிறதோ அதுவரையில் தேடுதல் சுருங்கிவிடும். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அடங்காவிட்டால், பில்டர் கண்டென்சர்களைக் குற்றஞ்சாட்டுவது வழக்கம். ஆனால் இரண்டு பவர் வால்வுகள் மாறிமாறி உழைக்கும் அமைப்பில், இரண்டிலும் சமமான கரண்ட் ஓடும் வரையில் சப்ளையின் சிற்றலைகள் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்று தளர்ந்து சமநிலை கெட்டால், கண்டென்சர்கள் பழுதற்றவையாக இருந்தாலும் முனகல் வெளிப்படும்.

இதைவிடவும் ஏமாற்றவல்லது பவர் வால்வின் பிளேட் செந்தழலாகச் சிவப்பது. பாஸ்மேனில் பிளேட்டுக்கு 400 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, கிரிட்டில் ஏறத்தாழ மைனஸ் 48 வோல்ட்டை வைத்து அதன் கரண்டை அடக்கியிருக்கிறார்கள். முந்திய வால்வின் உயர்ந்த வோல்ட்டேஜ் அந்தக் கிரிட்டை எட்டாதபடி நடுவே நிற்கும் கப்ளிங் கண்டென்சர் பழமையினால் சிறிது கசிந்தால் போதும். மைனஸ் குன்றி, கரண்ட் மிகுந்து, வால்வு தன் உஷ்ணத்திலேயே அழியத் தொடங்குகிறது. விலை கொடுத்து வாங்கிய புதிய ஜோடியும் அவ்வாறே சிவக்கும். பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, ஏனையவை சூடேறிய நிலையில், சாக்கெட்டுகளின் கிரிட் முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தால் உண்மை துலங்கும்: இரு பக்கமும் மைனஸ் சரியாக இருந்தால் வால்வைச் சந்தேகிக்க நியாயமுண்டு, ஒரு பக்கம் மட்டும் குன்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் கண்டென்சரை ஆராய வேண்டும், இரு பக்கமும் இல்லையென்றால் பயாஸ் எனப்படும் அந்த மைனஸை வழங்கும் பகுதியைப் பார்க்க வேண்டும்.

அந்த 400 வோல்ட் உயிரைக் குடிக்கவல்லது என்பதையும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பில்டர் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் உள்ளே கை நீட்டலாகாது. இந்த ஒழுங்கில் பழகாதவர்கள் தேர்ந்த கைகளிடம் ஒப்படைப்பதே விவேகம். கசிந்த கண்டென்சரை மாற்றிய பிறகு, பழைய பவர் வால்வுகளையே திரும்பச் செருகி, ஸ்பீக்கரை இணைத்து, கரண்ட் நிலையாக நிற்கிறதா என்று சற்று நேரம் கவனிக்க வேண்டும். சிவந்தவுடனே நிறுத்தப்பட்டவையாயின், அவை இன்னும் உழைக்கக்கூடும்.