நகையும் வெள்ளைச் சேலையும்

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கோயில் வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னாலே போதும். கிறிஸ்தவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படி எடை போடறாங்கன்னு தெரிஞ்சிடும். கழுத்துல சங்கிலி கிடந்தா, பெந்தெகொஸ்தே சபைக்காரங்க பலருக்கு அவங்க "இன்னும் ரட்சிக்கப்படாதவங்க". நகையைக் கழட்டிட்டு வெள்ளைச் சேலை கட்டினா, சி.எஸ்.ஐ.காரங்க வாயில அவங்க "அல்லேலூயா கூட்டம்". தலையில பூ வச்சா ஒரு பேச்சு, முக்காடு போடலைன்னா இன்னொரு பேச்சு!

வெளித்தோற்றத்தைப் பார்த்து தீர்ப்பு சொல்லாதேன்னா, ஏழையை மட்டமா நடத்தாதேங்கறதுதான் உடனே நமக்கு ஞாபகம் வரும். யாக்கோபு நிருபம் 2ம் அதிகாரம் கேட்கறதும் அதைத்தான்: மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தல் கட்டினவனுக்குக் காலடியா? இந்தத் தப்பு தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா துணியை வச்சு பக்தியை அளக்கறோமே, அது தப்புன்னே யாருக்கும் தோணறதில்லை. அது வைராக்கியம்ங்கற பேர்ல வந்துடுது. என்னைக் கேட்டா இதுதான் ரெண்டுல பெரிய ஆபத்து.

சாமுவேல் தீர்க்கதரிசியைப் பாருங்க. சின்ன வயசுலேயே ஆண்டவர் சத்தம் கேட்டவர். ஜனங்க எல்லாரையும் விட தோள் உயரம் அதிகமா இருந்த சவுலை ராஜாவா அபிஷேகம் பண்ணி, அது எப்படி முடிஞ்சதுன்னும் கண்ணால பார்த்தவர். அப்படிப்பட்டவரே ஈசாய் வீட்டுல எலியாபோட உயரத்தைப் பார்த்ததும் 'இவன்தான்'னு முடிவு கட்டிடறார். பட்ட அனுபவமும் உதவல, பதவியும் உதவல. இன்னொரு விஷயம் கவனிங்க. கடைசியா ஆட்டு மந்தையிலேர்ந்து வந்த தாவீதும் அழகன்தான்னு அதே அதிகாரம் சொல்லுது. அதாவது அழகா இருந்தா தகுதி இல்லைன்னும் அர்த்தம் இல்லை. தோற்றம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

இதனால நஷ்டம் ரெண்டு பக்கமும். ஒரு பக்கம், "இந்த டிரெஸ்ல வந்திருக்கா பாரு"ன்னு ஒரு பார்வை போதும், மனசு உடைஞ்சு ஜெபிக்க வந்த பொண்ணு அடுத்த வாரம் வரமாட்டா. இன்னொரு பக்கம், வெள்ளை ஜிப்பா, கையில பெரிய பைபிள், வாய்க்கு வாய் ஸ்தோத்திரம்னு வர்றவரை நம்பி சீட்டுப் பணத்தைத் தூக்கிக் கொடுக்கறோம். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் பத்தி இயேசு எச்சரிச்சது இதைத்தானே?

நம்ம ஊர் சரித்திரத்தையாவது நினைச்சுப் பார்க்கணும். அப்போ திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல இருந்த குமரிப் பக்கத்துல, மேலாடை போட்டதுக்காகவே கிறிஸ்தவப் பெண்கள் தெருவுலயும் சந்தையிலயும் அடிபட்டாங்க, துணி கிழிக்கப்பட்டாங்க. 1859ல நாடார் பெண்கள் மாரை மறைச்சுக்கலாம்னு அரசாணை வந்துச்சு. அதுலயும் மேல்ஜாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாதுன்னு நிபந்தனை! ஒரு துண்டுத் துணியை வச்சு மனுஷியோட மதிப்பை அளந்த கொடுமையைத் தாண்டி வந்த சபை இது. அந்தப் பாட்டிகளோட பேரப்பிள்ளைங்க இன்னிக்கு கோயில் வாசல்ல நின்னு அடுத்தவங்க துணியை அளக்கலாமா?

"அப்போ யாரையும் சோதிச்சே பார்க்கக் கூடாதா?"ன்னு கேப்பீங்க. பார்க்கலாம். கனியை வச்சு மரத்தைத் தெரிஞ்சுக்கலாம்னு வேதமே சொல்லுது. ஆனா கனி பழுக்க காலமாகும், கூடப் பழகணும். துணி ஒரே நொடியில தெரிஞ்சிடும். நமக்குப் பொறுமை இல்லை, அதான் பிரச்சினை.

நகை போடாம இருக்கறது ஒருத்தரோட தீர்மானம்னா அதை மதிக்கிறேன், நல்ல தீர்மானம்தான். அடக்கமான உடையைப் பத்தி பவுலும் பேதுருவும் எழுதினதெல்லாம் நாம நம்மை கண்ணாடியில பார்த்துக்க. அடுத்தவங்க கழுத்தைப் பார்க்க இல்லை.

வர்ற ஞாயிறு பக்கத்துல யாராவது புதுசா வந்து உக்காந்தா, முதல்ல பாட்டுப் புத்தகத்தை நீட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.