கேட்டைப் பூட்டச் சொல்ல ஒரு கருவி



இந்த முறை கோழியைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவதே கோழிப் பண்ணையால்தான்! நம்ம நாமக்கல்லில் வேறு எப்படி இருக்கும்?

எங்க சித்தப்பா ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். விடிகாலையில் ஷெட்டுக்குள் போனதும் அவருக்கு முதல் வேலை, கூண்டு கூண்டாகப் பார்த்து, செத்த கோழியை எடுத்து, எண்ணி நோட்டில் எழுதுவது. ஆயிரக்கணக்கில் கோழி இருக்கும் இடத்தில் தினமும் ரெண்டு மூணு சாவது சகஜம். கோடையில் கூடுதலாகவே சாகும். சரி, மூணு ஒருநாள் பத்தாகி, மறுநாள் நாற்பதானால்? வெயிலாக இருக்கலாம், தீவனக் கோளாறாக இருக்கலாம், வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து மட்டும் இதுதான் என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2006-ல் மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள நவாப்பூரில் இதுதான் நடந்தது. கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. இராணிக்கெட் நோய் (நம்ம வெள்ளைக்கழிச்சல்தான்) என்று முதலில் நினைத்தார்கள். மாதிரிகள் போபாலில் இருக்கும் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போய், பிப்ரவரி 18-ஆம் தேதிதான் எச்5என்1 வைரஸ் என்ற செய்தி வந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அதற்குள் எத்தனை லாரி அந்தப் பண்ணைகளுக்குள் போய் வந்ததோ, எத்தனை பேர் அதே செருப்போடு அடுத்த பண்ணைக்கு நடந்தார்களோ! கடைசியில் லட்சக்கணக்கில் கோழிகளை அழித்தார்கள். இங்கே நோயே வரவில்லை, ஆனாலும் நம்ம முட்டை விலை தலைகுப்புற விழுந்தது. நாமெல்லாம் அப்போது பிறக்கவே இல்லை. வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆய்வகத்தை நான் குறை சொல்லவில்லை. பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மாதிரி அங்கே போய்ச் சேர வேண்டுமே! 2024 ஏப்ரலில் கேரளாவில் ஆலப்புழா மாவட்டத்தில் எடத்துவா, செருதனா பக்கம் வாத்துகள் செத்தபோதும் போபால் முடிவு வந்த பிறகுதான் உறுதியானது. வைரஸ் அதுவரைக்கும் காத்துக்கொண்டு நிற்குமா?

இங்கேதான் பயோசென்சார் வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சர்க்கரை இருக்கும் பாட்டி தாத்தா வீட்டில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்கும் மெஷின் இருக்கிறதே, அதுவும் பயோசென்சார்தான். அந்தப் பட்டையில் உள்ள நொதி சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடித்ததை மெஷின் மின்சாரமாக அளந்து எண்ணாகக் காட்டும். 1962-லேயே லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த வழியைக் காட்டிவிட்டார். பறவைக் காய்ச்சலுக்கு என்றால் நொதிக்குப் பதில், அந்த வைரஸின் மேலே முள் முள்ளாக இருக்கும் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை வைக்க வேண்டும். பூட்டுக்குச் சாவி மாதிரி.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜன் சக்கரபர்த்தி குழுவினர் 2025-ல் வெளியிட்ட கருவி இதற்கும் ஒரு படி மேலே. கோழியைப் பிடிக்கவே வேண்டாம்! ஷெட்டுக் காற்றை உறிஞ்சி, அதில் எச்5என்1 இருக்கிறதா என்று 5 நிமிஷத்தில் சொல்லிவிடும். வைரஸ் வந்து ஒட்டினால் மின்முனையின் மின்தேக்குத் திறன் மாறும், அதை அளக்கிறார்கள். (இயற்பியல் பாடத்தில் மின்தேக்கி எதுக்கு சார் என்று கேட்டவர்கள் கவனிக்க.) அமெரிக்காவில் 2022 முதல் 15 கோடிக்கும் மேலே பறவைகள் இந்த நோயில் போய்விட்டன. 2025 மார்ச்சில் அங்கே ஒரு டஜன் முட்டை 6 டாலரைத் தாண்டியது. அவர்கள் மும்முரமாக இறங்கியதில் ஆச்சரியம் இல்லை.

சரி, கருவி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "மெஷின் ஆமான்னு சொல்லிட்டா யார்கிட்டடா சொல்றது? சொன்னா அன்னைக்கே பண்ணை போச்சு. தெரியாமலே இருக்கட்டும்னு நினைக்கிறவங்கதான் ஜாஸ்தி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. நோய் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பறவைகளை அழிக்கிறார்கள். கடன் வாங்கிப் பண்ணை போட்டவர் யோசிக்கத்தானே செய்வார்?

அதனால் என் கருத்து இதுதான். பண்ணையில் இருக்கும் கருவி கோழியைக் கொல்லச் சொல்லக் கூடாது. கேட்டைப் பூட்டச் சொல்ல வேண்டும். எந்தக் கருவியும் தப்புச் செய்யும். கொரோனா சமயத்தில் வீட்டுக் கிட்டில் ஒரு கோடு மட்டும் காட்டிவிட்டு, பிறகு பிசிஆரில் நோய் என்று வந்தவர்கள் நிறைய. கருவி தப்பாக ஆமாம் என்று சொல்லி ஒரு லட்சம் நல்ல கோழிகளை அழித்தால் அந்தப் பாவம் யாருக்கு? சிவப்பு காட்டினால் லாரி வெளியே போகக் கூடாது, ஆள் மாறக் கூடாது, முட்டை நகரக் கூடாது, மாதிரி அன்றைக்கே கிளம்ப வேண்டும். அழிப்பதா வேண்டாமா என்பதை ஆய்வகம் சொல்லட்டும். தப்பான எச்சரிக்கையாக இருந்தால் நஷ்டம் ரெண்டு மூணு நாள் முட்டைதான். அந்த முட்டைக்கும் அரசாங்கம் பணம் கொடுக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மத்திய அரசின் செயல்திட்டப்படி, அழிக்கப்படும் பறவைக்குத்தான் இழப்பீடு. அதற்கு முன்னாடியே நோயில் செத்ததற்குக் கிடையாது. கேரளாவில் 2014-ல் ரெண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள், அழித்த வாத்துக்கு. அப்படியானால் மறைத்து வைக்க வைக்க நஷ்டம் பண்ணைக்காரருக்கே! இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். "அந்தப் பணம் எப்ப கைக்கு வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கருவிக்கு 5 நிமிஷம் என்றால் காசோலைக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கு ஆக வேண்டும்?

கோழிக்காக மட்டும் நான் இவ்வளவு கவலைப்படவில்லை. 2003-க்குப் பிறகு உலகத்தில் எச்5என்1 வந்ததாக உறுதியான மனிதர்கள் 900-க்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். நம் நாட்டில் 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுப் பையன். 2025 மார்ச்சில் ஆந்திராவில் இறந்தது 2 வயதுக் குழந்தை. ஷெட்டுக்குள் முதலில் நுழைவது மந்திரியோ முதலாளியோ இல்லை. செத்த கோழியை வெறும் கையில் எடுக்கிற ஆள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். "அந்த மெஷின் எப்பக் கடைக்கு வரும்?" என்றார். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கு சித்தப்பா என்றேன். "வந்தா விலை என்னன்னு கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு, 'ஆ' பிரிவு மாணவன்