நங்கூரத்தில் நின்ற குடித்தனம்

ஆடிப்பெருக்கன்று உறையூரிலிருந்து புறப்பட்டுக் காவிரிப் பாலத்தைக் கடந்து, அம்மாமண்டபத்துப் படித்துறையில் போய் உட்கார்ந்தோம். இந்தப் பகுதியில் 'நாம்' என்று எழுதுவது வெறும் பத்திரிகை சம்பிரதாயம் என்று வாசகர்கள் நினைக்கக் கூடும். அன்று அப்படியல்ல; பக்கத்தில் நம் மனைவியும், நடுவில் நாலு வகைச் சித்திரான்னமும் இருந்தபடியால் உண்மையாகவே பன்மைதான்.

சற்றுத் தள்ளி ஒரு பரிசல் கயிற்றில் கட்டுண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நமக்கு ஓர் ஆசை பிறந்தது. "இப்படி ஒரு படகிலேயே குடித்தனம் வைத்துவிட்டால் என்ன? வாடகை இல்லை, வேண்டாத விருந்தாளியும் வரமுடியாது" என்றோம்.

"குடிக்கத் தண்ணீர்?" என்றாள் மனைவி.

"சுற்றிலும் தண்ணீர்தானே!"

"காவிரியிலே சரி. சமுத்திரத்திலே?"

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ராபின்ஸன் தம்பதிகளின் கதையைச் சொன்னோம்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் 1928-ம் வருஷம் முதல் 1931 வரையில் 32 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். படகின் பெயர் 'ஸ்வாப்'. கனவு என்று பொருள்படும் வடமொழிச் சொல் என்று கருதி அவர் அந்தப் பெயரை வைத்தார். நம் பண்டிதர்களைக் கேட்டால் 'தூக்கம்' என்பார்கள். தூங்காமல் கனவு ஏது என்று விட்டுவிடலாம்.

அவர் மணந்த பெண்ணின் பெயர் பிளாரன்ஸ் கிரேன். கிரேன் குடும்பத்தாரின் தொழில் இன்னதென்று தெரிந்தால்தான் கதையின் சுவை தெரியும். குழாய், குழாயின் திருகு, குளியலறைச் சாமான்கள் இவற்றைச் செய்தே பெருஞ்செல்வம் சேர்த்தவர்கள் அவர்கள். மாஸாசூஸெட்ஸ் மாகாணத்துக் கடற்கரைக் குன்றின் மேல் அவர்களுக்கு 59 அறைகள் கொண்ட மாளிகை இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண், 1933-ல் புதுமணப் பெண்ணாக அந்த 32 அடிப் படகில் ஏறினாள். திருகினால் கொட்டும் குழாயை ஊருக்கெல்லாம் விற்றவரின் மகள், நல்ல ஜலத்தை அளந்து செலவழிக்கும் குடித்தனத்துக்கு வந்து சேர்ந்தாள். கணவரின் உறவினர் ஒருவரும் கூட இருந்தார். ஆகவே தனிக்குடித்தனம் என்றும் சொல்வதற்கில்லை!

உறையூர்க்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. நம் ஊரில் கமலவல்லி நாச்சியார் இக்கரையில் இருக்கிறாள். அழகிய மணவாளர் அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பங்குனியில் ஒரு நாள் அவர் ஆற்றைக் கடந்து வந்து சேர்த்தி நடக்கிறது. ஒரு சின்னஞ்சிறு படகுக்குள், கோபம் வந்தால் எழுந்து போய் நிற்பதற்கு ஒரு திண்ணைகூட இல்லாமல், இரவு பகல் முகத்தோடு முகம் பார்த்திருப்பது லேசான காரியமா?

1934-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 'ஸ்வாப்' கலாபகஸ் தீவுகளில், டாகஸ் என்ற குடாவில் நங்கூரமிட்டு நின்றது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 600 மைல் தூரத்தில் உள்ள தீவுக் கூட்டம் அது. ஈக்வடார் தேசத்துக்குச் சொந்தமானது. 1835-ல் டார்வின் வந்து போன இடம். பூமத்திய ரேகை அருகிலேயே ஓடுகிறது. ஆனாலும் குளிர்ந்த நீரோட்டம் வருவதால் பென்குவின் பறவைகளும் அங்கே வசிக்கின்றன. குடாவைச் சுற்றிச் செங்குத்தான எரிமலைப் பாறை. வந்து போன மாலுமிகள் தங்கள் கப்பல்களின் பெயரை அதில் எழுதியிருக்கிறார்கள். பெயர்கள் ஏராளம், குடிக்கக் கரையில் நல்ல ஜலம் கிடையாது, மனித சஞ்சாரமும் கிடையாது.

அந்த இடத்தில் ராபின்ஸனுக்கு வயிற்று வலி கண்டது. குடல்வால் வீங்கி வெடித்துவிட்டது. பெனிசிலின் வழக்கத்துக்கு வராத காலம் அது. பக்கத்தில் வைத்தியர் இருந்தாலே பிழைப்பது அரிது. இங்கேயோ வைத்தியர் இருந்தது சுமார் ஆயிரம் மைலுக்கு அப்பால், பனாமாவில். காலையில் அழகாகத் தோன்றிய குடா, மாலையில் சிறையாகிவிட்டது. பாய் இருந்தது, காற்று இருந்தது; ஆனால் படகைச் செலுத்தத் தெரிந்தவர் படுக்கையில் கிடந்தார். அந்தப் பெண் அருகில் உட்கார்ந்திருந்த நேரத்தை நம்மால் நினைத்துப் பார்க்கத்தான் முடியும்.

அச்சமயம் டூனா மீன் பிடிக்கும் கப்பல் ஒன்று தற்செயலாகக் குடாவுக்குள் வந்தது. அதில் ரேடியோ இருந்தது. செய்தி பறந்தது; பனாமாவிலிருந்து அமெரிக்கரின் ஆகாய விமானங்கள் உதவிக்கு வந்தன; 'ஹேல்' என்ற யுத்தக் கப்பலும் வந்தது. மனிதர் பிழைத்தார். 'ஸ்வாப்' மட்டும் அவர் கைக்குத் திரும்பவில்லை. யாரும் வேண்டாம் என்று போன குடித்தனத்தை, யாரோ முன்பின் அறியாதவர்கள் வந்து காப்பாற்றினார்கள். மீன் கப்பல் வேறு குடாவைத் தேடிப் போயிருந்தால்?

"பாவம்! அப்புறமாவது கரையிலே இருந்தார்களா?" என்றாள் மனைவி.

இருப்பாரா! தம் மனத்துக்குப் பிடித்த கப்பலை அவர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கண்டெடுத்தார். நம் தமிழ்த் தச்சர்கள் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல்; பெயர் அன்னபூரணி. அதை விலைக்கு வாங்கினார். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை தண்டயலும் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் இன்னும் நால்வரும் 1937-ல் அதைச் செலுத்திக்கொண்டு புறப்பட்டு, சூயஸ் வழியாகச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாம் ஐரோப்பியரின் கடற்பிரயாணங்களைத் தேதியோடு நெட்டுருப் போடுகிறோம். இந்த ஐவரின் பெயரை நம் வகுப்பில் எந்தப் பையனும் கேட்டதில்லை. நாமும் இத்தனை நாள் சொன்னதில்லை.

அந்தக் கப்பலுக்கு ராபின்ஸன் வைத்த புதுப் பெயர் 'பிளாரன்ஸ் ஸி. ராபின்ஸன்'. ஆனால் தம்பதிகள் பின்னாளில் பிரிந்துவிட்டார்கள். அவள் வேறொருவரை மணந்தாள். அவர் புதுப் படகு கட்டி, டாஹிட்டித் தீவில் போய்த் தங்கினார்.

மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னபூரணி என்கிற பெயரை அழித்துவிட்டு அவள் தன் பெயரைப் போட்டுக்கொண்டாளா?" என்று கேட்டாள்.

"அவள் போடவில்லை. அவர் போட்டார்."

"அப்படியானால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை" என்று சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கி, காவிரி ஜலத்தை மொண்டு வந்தாள்.