செஞ்சோற்றுக்கடன் கழிந்த பின்

போரைப் பற்றிய நம் இலக்கியப் பேச்சு பெரும்பாலும் வீரன் களத்தில் விழும் இடத்தோடு நின்றுவிடுகிறது. விழாமல் திரும்பியவன் பிறகு என்ன ஆனான் என்பதில் நமக்கு அக்கறை குறைவு. நடுகல் இறந்துபட்டவனுக்குத்தான், நீரிழிவோடும் இரத்தக்கொதிப்போடும் முப்பதாண்டுக் காலம் வாழ்ந்து முடிந்தவனுக்குக் கல் கிடையாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை நிறுத்தியவன் இந்த இரண்டாமவன்தான். அங்கே நடந்த ஆராய்ச்சிகளின் பெருமையை அறிவியல் எழுத்தாளர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. அந்த ஆராய்ச்சிகளுக்குத் தன் உடலைக் கொடுத்தவன் எந்தக் கடனின் பேரில் கொடுத்தான்?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இலட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினர். அவர்களைக் கவனிக்கப் போதிய மருத்துவர்கள் அம்மருத்துவமனைகளில் இல்லை. 1946 ஜனவரியில் அவற்றை மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. கல்லூரியோடு சேர்ந்து ஆராய்ச்சியும் உள்ளே வந்தது. ஒரு நோயாளி ஆண்டுக்கணக்காக அதே அமைப்புக்குள் வந்துபோவார். அவருடைய குறிப்பேடும் அங்கேயே இருக்கும். மருந்து கொடுப்பவரே ஆராய்பவராகவும் இருப்பார். ஆய்வுக்கு இதைவிட வசதியான இடம் வேறெது? இந்த வசதியில்தான் ஆபத்தும் இருந்தது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள மருத்துவமனைக்கு 1947இல் ரோசலின் யாலோ பகுதிநேர ஆலோசகராக வந்து சேர்ந்தார். அவர் மருத்துவரல்லர், இயற்பியலாளர். துப்புரவுப் பொருட்கள் வைத்திருந்த ஒரு சிற்றறைதான் அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. 1950இல் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவர் உடன் சேர்ந்தார். முதிர்ந்த வயதில் நீரிழிவு வருவோரின் உடலில் இன்சுலின் மிக விரைவாக அழிந்துபோகிறது என்றொரு கருதுகோள் அக்காலத்தில் இருந்தது. அதைச் சோதிக்க, கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை இருவரும் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். விடை தலைகீழாக வந்தது. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது மெதுவாகவே மறைந்தது. விலங்கிலிருந்து எடுத்த இன்சுலினுக்கு எதிராக மனித உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்று அவர்கள் முடிவுசெய்தனர்.

அறிஞர் உலகம் ஒப்பவில்லை. இன்சுலின் போன்ற சிறிய புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டாது என்பது அன்றைய வேதவாக்கு. இரண்டு ஆய்விதழ்கள் கட்டுரையை மறுத்தன; தலைப்பில் இருந்த அந்தச் சொல்லை நீக்கிய பிறகே 1956இல் அது அச்சேறிற்று. மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த யாலோ, 1977இல் நோபல் பரிசு பெற்றபோது தம் உரையிலேயே அதைக் காட்டினார். (திருப்பி அனுப்பப்பட்ட படைப்புகளை எடுத்து வைத்திருக்கும் நம் நண்பர்களுக்கு இந்தச் செய்தி.)

அந்த எதிர்ப்பொருளையே அவர்கள் பிறகு அளவுகோலாக்கினார்கள். பந்தியில் இலைகள் எண்ணி வைத்ததுபோல எதிர்ப்பொருளில் இடம் குறைவு. கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினும் இரத்தத்தில் உள்ள இன்சுலினும் அந்த இடங்களுக்குப் போட்டியிடும். முன்னது எவ்வளவு வெளியே தள்ளப்பட்டது என்று கணக்கிட்டால் பின்னதன் அளவு தெரிந்துவிடும். ரேடியோ இம்யூனோ அஸ்ஸே எனப்படும் இம்முறையால், அதுவரை அளக்கவே முடியாத நுண்ணிய அளவிலிருந்த ஹார்மோன்களை அளக்க முடிந்தது. பிறந்த குழந்தைக்குத் தைராய்டு குறைபாடு உண்டா என்று பார்ப்பதும், இரத்த வங்கியில் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிவதும் இதனால் எளிதாயின. இருவரும் காப்புரிமை கோரவில்லை.

பெர்சன் 1972இல் இறந்தார். இனி வரும் கட்டுரைகளிலும் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பதற்காக ஆய்வுக்கூடத்துக்கே யாலோ அவர் பெயரை இட்டார். நட்பின் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய செயல் இது. ஆனால் இதைப் படிக்கும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. இன்சுலின் மெதுவாக மறைந்தது என்றார்களே, யாருடைய உடலில்? நீரிழிவு நோயாளிகள் ஒரு சாரார். மற்றவர்கள், மனச்சிதைவுக்காக இன்சுலின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர்கள். மயக்கநிலைக்குக் கொண்டுபோய் மீட்டெடுக்கும் கொடிய சிகிச்சை அது, பின்னாளில் கைவிடப்பட்டது. தமக்குப் பயன்படாத அச்சிகிச்சையின் தடயத்தை இரத்தத்தில் சுமந்திருந்தவர்களால் ஓர் உண்மை புலப்பட்டது. நோபல் உரையில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு வாக்கியத்தின் பகுதி.

வாஷிங்டன் மருத்துவமனையின் எட்வர்டு ஃப்ரைஸ் நடத்திய ஆய்வு வேறு வகை. இரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் ஆயுள் நீளுமா என்பதே அன்று தெளிவாகாத கேள்வி. பல முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளைச் சேர்த்து அதைச் சோதித்தார். சொன்னபடி மாத்திரை விழுங்குகிறார்களா என்றறிய அதில் ரிபோஃப்ளேவின் கலந்து, சிறுநீரில் அதன் ஒளிர்வைப் பார்த்தார்கள், தவறியவர்கள் சேர்க்கப்படவில்லை. கடுமையான இரத்தக்கொதிப்பு உள்ள 143 ஆண்களில் 73 பேருக்கு மருந்தும் 70 பேருக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. மருந்து உண்டோரில் 2 பேருக்கும் போலி மாத்திரை உண்டோரில் 27 பேருக்கும் கடும் பாதிப்பு நேர்ந்தது. பின்னவர்களில் நால்வர் இறந்தனர். 1967இல் முடிவு வெளியானது. இன்று நம் வீடுகளில் பெரியவர்கள் காலையில் போட்டுக்கொள்ளும் மாத்திரைக்குப் பின்னால் அந்த எழுபது பேர் இருக்கிறார்கள். அதில் பெண் ஒருத்தியும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வாதம் எழும். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கவே முன்வந்தவன் மருத்துவத்துக்காக ஒரு குப்பி இரத்தம் கொடுப்பதில் என்ன குறை, அதுவும் ஒரு சேவைதானே என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை. செஞ்சோற்றுக்கடன் என்பது உண்டவன் செலுத்துவது. போரிலிருந்து திரும்பியவன் அதைச் செலுத்தித் தீர்த்துவிட்டான். இப்போது கடன்பட்டிருப்பது சோறிட்ட தரப்பு. அவனுக்கு மருத்துவம் பார்ப்பது அந்தக் கடனின் தவணை. அதை வாங்க வந்த இடத்தில் அவனிடம் மறுபடியும் கை நீட்டுவோர், மறுக்கும் உரிமையை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கட்டளைக்குப் பணிந்தே பழகிய ஒருவன், தன் நோய்க்கு மருந்தெழுதும் மருத்துவரே கேட்கும்போது மறுப்பது எளிதன்று.

அந்த உரிமையை மதிக்காதபோது என்ன நேரும் என்பதற்கு ஆல்பனி நகரின் ஸ்ட்ராட்டன் மருத்துவமனை சான்று. அங்கே புற்றுநோய் மருந்து ஆய்வுகளை ஒருங்கிணைத்த ஊழியர், தகுதியில்லாத நோயாளிகளைத் தகுதியுடையோராகக் காட்ட மருத்துவப் பதிவுகளைத் திருத்தினார். அப்படிச் சேர்க்கப்பட்ட முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர் 2001இல் இறந்தார். ஊழியர் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 71 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதற்கு முன்பே, 1999 மார்ச்சில், மேற்கு லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் மனிதர்மேல் நடந்த ஆய்வுகள் அனைத்தையும் அரசே நிறுத்தியிருந்தது. ஆய்வுக்கு உட்படுவோருக்கான பாதுகாப்பு போதவில்லை என்பதே காரணம். எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வசதி, யாரும் பார்க்காதபோது இப்படித் திரும்பிக் கடிக்கிறது.

இதற்காக ஆராய்ச்சியை மருத்துவமனையிலிருந்து பிரித்துவிடச் சொன்னால் அது மூடத்தனம். பிராங்க்ஸ் சிற்றறையில் இயற்பியலாளரும் மருத்துவரும் நோயாளியும் அருகருகே இருந்திராவிட்டால், எதிர்பாராத அந்த விடையை யாரும் கவனித்திருக்கப் போவதில்லை.

2011இல் அதே துறை மில்லியன் வெட்டரன் புரோகிராம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. விருப்பமுள்ள முன்னாள் வீரர்கள் தம் இரத்த மாதிரியையும் மருத்துவப் பதிவுகளையும் மரபணு ஆய்வுக்குத் தருகிறார்கள். 2023 நவம்பரில் சேர்ந்தோர் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டியது. ஃப்ரைஸின் நோயாளி விழுங்கிய மாத்திரைக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. இங்கே கொடுத்த குருதியை இன்று ஒருவர் ஆராய்வார், இருபதாண்டு கழித்து இன்றில்லாத ஒரு கேள்வியோடு இன்னொருவர் ஆராய்வார். கையெழுத்திட்டவர் அப்போது உயிரோடு இல்லாமலிருக்கலாம். அவருடைய மரபணுவில் பாதியைச் சுமக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.